சூரியனே இல்லை... சூடு எங்கிருந்து?

இந்த வாரம் ஒரு துப்பறியும் கதை. பிணம் இல்லை, கத்தி இல்லை. ஆனால் உள்பக்கம் பூட்டிய அறை உண்டு.

இடம், வட துருவத்துக்கு மேலே சுமார் 30 கி.மீ. உயரம். நேரம், ஜனவரி மாதத்து ராத்திரி. ராத்திரி என்றால் பன்னிரண்டு மணி நேர ராத்திரி இல்லை பாஸ், மாசக்கணக்கில் நீளும் ராத்திரி. இலையுதிர் காலத்தில் அஸ்தமித்த சூரியன் வசந்த காலம் வரை தலை காட்டாது. வெப்பநிலை மைனஸ் 70 டிகிரி வாக்கில். விமானங்கள் பறக்கும் உயரத்தைவிட மூன்று மடங்கு மேலே என்பதால் மேகம், மழை, இடி எதுவும் அங்கே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வாரத்துக்குள் வெப்பநிலை 40, 50 டிகிரி எகிறுகிறது. சூரியன் வரவில்லை. யாரும் அடுப்பு பற்றவைக்கவில்லை. அப்புறம் எப்படி?

முதலில் இதைப் பிடித்தவர் ரிச்சர்டு ஷெர்ஹாக், ஜெர்மனிக்காரர். 1952-ன் ஆரம்பத்தில் பெர்லினிலிருந்து பறக்கவிட்ட வானிலை பலூன்கள் அனுப்பிய எண்களைப் பார்த்தபோது, மேலடுக்கில் வெப்பநிலை ஒரேயடியாகத் தாவியிருந்தது. கருவி கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டிருக்கலாம். நம்ம லேபில் ரீடிங் சரியாக வராவிட்டால் என்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும், பக்கத்து டேபிளைப் பார்த்து எழுதிவிடுவோம். அவர் எண்களை நம்பினார். 'வெடிப்பு போன்ற வெப்பமேற்றம்' என்று பெயர் வைத்து அதே வருஷம் வெளியிட்டார். இன்றைக்கு உலகம் அதைத் 'திடீர் ஸ்ட்ராட்டோஸ்பியர் வெப்பமேற்றம்' என்கிறது. அந்தக் காலத்தில் முதல் சந்தேகம் சூரியன் மேல்தான் விழுந்தது, ஏதாவது சூரிய வெடிப்பின் வேலையோ என்று. உண்மையான குற்றவாளி வேறு ஆள். அதுவும் மேலிருந்து வந்தவன் இல்லை, கீழேயிருந்து ஏறி வந்தவன்.

அவனைப் பிடிக்கும் முன்னால் அறையைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

குளிர்காலத்தில் துருவத்தின் மேலே வெயில் இல்லாததால் காற்று பயங்கரமாகக் குளிர்கிறது. தெற்கே வெயில் படுகிற பகுதி அவ்வளவு குளிர்வதில்லை. இந்த வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் கைகோத்தால் என்ன ஆகும்? துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பிரமாண்டமான காற்று வளையம் உருவாகும். 'போலார் வோர்டெக்ஸ்', துருவச் சுழல். மணிக்கு 150, 200 கி.மீ. வேகமெல்லாம் அதற்குச் சர்வ சாதாரணம். குளிர்ந்த காற்றை நடுவில் அடைத்துவைத்து, வெளியே இருப்பதை உள்ளே விடாமல் சுற்றும் காவல்காரன் மாதிரி. யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் வசந்தம் வரை இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

தொந்தரவு செய்கிறவர்கள் உண்டு. அலைகள்.

காற்றில் அலையா என்று கேட்காதீர்கள். நதித் தண்ணீர் பாறையில் மோதினால் பாறைக்கு அந்தப்பக்கம் தண்ணீர் மேடு பள்ளமாக ஓடுகிறது இல்லையா? அதேபோல, வீசுகிற காற்றுக்கு இமயமலையும் திபெத் பீடபூமியும் அமெரிக்காவின் ராக்கி மலைகளும் குறுக்கே நிற்கும் பாறைகள். போதாததற்கு, குளிர்காலத்தில் கண்டங்கள் சில்லென்று இருக்க, சமுத்திரங்கள் வெதுவெதுப்பாக இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து காற்றின் பாதையை வடக்கேயும் தெற்கேயும் வளைக்கின்றன.

வளைந்த காற்று சும்மா இருக்காது. பூமி சுழல்வது எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. துருவத்தில் நின்றால் முழுச் சுழற்சியும் உங்கள் காலடியில், பூமத்திய ரேகையில் அந்தச் சுழற்சி பூஜ்ஜியம். வடக்கே தள்ளப்பட்ட காற்று, தன்னிடமுள்ள சுழற்சியும் புதிய இடத்தின் சுழற்சியும் ஒத்துப்போகாமல் வளைந்து தெற்கே திரும்பும். திரும்பும்போது இலக்கைத் தாண்டிவிடும். மறுபடி வடக்கே. ஊஞ்சல்தான். கார்ல் குஸ்தாஃப் ராஸ்பி என்ற ஸ்வீடன்காரர் 1939-ல் இதைக் கணக்காக எழுதியதால் இவற்றுக்கு ராஸ்பி அலைகள் என்று பெயர்.

இவற்றுக்கு ஒரு விநோதக் குணம் உண்டு. கதை முழுக்க அதில்தான் இருக்கிறது, கொஞ்சம் நின்று கவனியுங்கள். ராஸ்பி அலை தன்னைச் சுமக்கும் காற்றைப் பொறுத்தவரை எப்போதும் மேற்கு நோக்கித்தான் நடக்கும். கிழக்கே ஓடும் எஸ்கலேட்டரில் மேற்கே பார்த்து நடக்கிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேகமும் சமமானால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் ஒரே இடத்தில் நிற்பார். மலையால் உண்டாகும் அலை அப்படி நின்றுதான் ஆக வேண்டும், மலை நகராதே! அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகமாக நடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று நிலைமை. எஸ்கலேட்டர் மேற்கு நோக்கியே ஓடினால்? ஆள் அடித்துக்கொண்டு போய்விடுவார், நிற்க முடியாது. கோடைக்காலத்து ஸ்ட்ராட்டோஸ்பியரில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுவதால், மலை அலைகள் மேலே ஏற வழியே இல்லை. அதனால்தான் கோடையில் மேலடுக்கு கிணற்றுத் தண்ணீர் மாதிரி அமைதி. எஸ்கலேட்டர் கிழக்கே வெறித்தனமாக ஓடினால்? குட்டைக்கால் ஆசாமிகளால் ஈடுகொடுக்க முடியாது. மிதமாக ஓடினால் நீண்ட கால்களுள்ள ஒன்றிரண்டு பேர் மட்டும் தாக்குப்பிடிப்பார்கள். 1961-ல் சார்னி, டிராசின் என்ற இரண்டு பேர் கணக்குப் போட்டுச் சொன்னது இதைத்தான். குளிர்கால மேற்குக் காற்று அளவோடு இருந்தால், மிக நீளமான அலைகள் மட்டும் மேலே போகலாம். எவ்வளவு நீளம்? 60 டிகிரி அட்சரேகையில் உலகை ஒரு ரவுண்டு அடித்தால் 20,000 கி.மீ. அந்த முழு ரவுண்டுக்கும் ஒரே ஒரு மேடு, ஒரே ஒரு பள்ளம். அல்லது இரண்டு மேடு, இரண்டு பள்ளம். அவ்வளவுதான் அனுமதி. நாம் டி.வி.யில் பார்க்கும் புயல், தாழ்வு மண்டலம் எல்லாம் சைஸில் சின்னப் பசங்க, வாசலோடு சரி.

உள்ளே நுழைந்த அலை மேலே போகப்போக வளரும். காரணம் எளிமையானது. உயரே போனால் காற்று மெலிகிறது. அதே சக்தியை வைத்துக்கொண்டு குறைந்த எடையை ஆட்டினால் ஆட்டம் பெரிதாகும். 30 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் சுமார் அறுபதில் ஒரு பங்குதான். அதனால் அலையின் வீச்சு ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும். சாட்டையின் கைப்பிடியைச் சும்மா அசைத்தாலும் மெல்லிய நுனி 'பட்'டென்று சுளீர் விடுகிறதே, அந்த மாதிரி.

ரொம்ப வளர்ந்த அலை என்ன ஆகும்? கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டவர்கள் அனைவருக்கும் விடை தெரியும். உடையும். ஸ்ட்ராட்டோஸ்பியரில் அலை உடைவதை மக்கின்டயர், பால்மர் என்ற இருவர் 1983-ல் செயற்கைக்கோள் தகவல்களிலிருந்து வரைபடமாகவே போட்டுக் காட்டினார்கள். கடற்கரையில் நுரையடிக்கும் பகுதிக்கு வைத்திருக்கும் பெயரையே துருவச் சுழலின் வெளிப்புறத்துக்கும் வைத்தார்கள். ஒரே வித்தியாசம், இங்கே அலை செங்குத்தாகக் கவிழ்வதில்லை. பக்கவாட்டில், ஆயிரக்கணக்கான கி.மீ. நீளத்துக்குக் காற்று நாக்கு நீட்டி மடிந்து கலக்கிறது.

உடைந்த இடத்தில்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. இமயமலை காற்றைத் தடுத்ததே, அந்தத் தடையை அலை ஒரு கூரியர் பையன் மாதிரி சுமந்துகொண்டு வருகிறது. உடையும் இடத்தில் பார்சலை இறக்கி வைக்கிறது. பார்சலுக்குள் இருப்பது பிரேக்! கீழே மலை கொடுத்த தடை, 30 கி.மீ. மேலே, மலையே இல்லாத இடத்தில் காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

காவல்காரன் தளர்ந்ததும் காற்று துருவத்தை நோக்கி ஒதுங்கி வந்து குவிகிறது. குவிந்தது எங்கே போகும்? கீழே இறங்கும். இறங்கினால் அழுத்தம் கூடி நசுங்கும். நசுங்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். ஒரு கி.மீ. கீழே இறங்கினால் சுமார் 10 டிகிரி ஏறும். அப்படியென்றால் 40, 50 டிகிரிக்குச் சில கி.மீ. இறக்கம் போதும். பூட்டிய அறையில் அடுப்பு வைத்தது யார் என்று புரிந்ததா? யாரும் வைக்கவில்லை. காற்றே தன்னை அமுக்கிச் சூடாக்கிக்கொண்டது.

வழக்கை முடித்துவைத்த துப்பறிவாளர் ஜப்பானின் டாரோ மட்சுனோ. 1971-ல், இன்றைய செல்போனுக்குப் பக்கத்தில் நிற்க முடியாத கம்ப்யூட்டரில், குளிர்காலத்து மேலடுக்கைச் சில சமன்பாடுகளாக உருவாக்கினார். சூரியனை மாற்றவில்லை, சூட்டையும் ஊட்டவில்லை. சுமார் 10 கி.மீ. உயரத்தில், கீழேயிருந்து ஒரு பெரிய அலையைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான். சில வாரக் கணக்குக்குள் மாடலில் மேற்குக் காற்று தளர்ந்து, நின்று, கிழக்குக் காற்றாகத் திரும்பியது. துருவம் சூடானது. ஷெர்ஹாக் பார்த்த அதே காட்சி.

கிளைமாக்ஸில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. காற்று திசை திரும்பிவிட்டால் எஸ்கலேட்டர் மேற்கே ஓடுகிறது என்று அர்த்தம். மலை அலைகளுக்கு இனி அந்த உயரத்தில் அனுமதி கிடையாது! அலை தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. பின்னால் வரும் அலைகள் அந்தக் கதவுக்குக் கொஞ்சம் கீழேயே உடைகின்றன, அங்கேயும் காற்று திரும்புகிறது. அடுத்த அலைகள் இன்னும் கீழே. இப்படி மாற்றம் படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது. காற்று அலைக்கு வழி விடுகிறது, அலை காற்றைக் கவிழ்க்கிறது, கவிழ்ந்த காற்று அலையின் வழியை மூடுகிறது. யார் காரணம், யார் விளைவு என்று பிரிக்கவே முடியாத காதல் சண்டை.

நீளமான ஒற்றை அலை தாக்கினால் துருவச் சுழல் மொத்தமாக ஒருபக்கம் ஒதுக்கித் தள்ளப்படும். இரட்டை அலை தாக்கினால் சப்பாத்தி மாவு உருண்டையைப் பிய்ப்பது மாதிரி இரண்டாகப் பிளக்கும். 2009 ஜனவரியில் அப்படிப் பிளந்தது, ஒரு துண்டு வட அமெரிக்கப் பக்கம், இன்னொன்று யூரேசியப் பக்கம். சராசரியாகப் பத்து வருஷத்தில் ஆறு முறை காற்று முழுசாகத் திரும்புகிறது. சராசரியை நம்பி உட்காராதீர்கள். 1989 பிப்ரவரிக்கு அப்புறம் 1998 டிசம்பர் வரை ஒன்றுகூட வரவில்லை. நம்ம டவுன் பஸ் கதைதான், வராவிட்டால் வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும்.

சரி, 30 கி.மீ. மேலே என்ன நடந்தால் நமக்கென்ன என்கிறீர்களா? ஐரோப்பியர்களைக் கேளுங்கள். 2018 பிப்ரவரி 12 வாக்கில் வடதுருவத்து மேலடுக்கில் காற்று திரும்பியது. மாதக் கடைசியில் சைபீரியாவின் குளிர்காற்று மேற்கே பாய்ந்தது. பிப்ரவரி 26-ல் ரோம் நகரத்தில் பனி! பிரிட்டனில் பள்ளிகள் மூடின, நெடுஞ்சாலையில் வண்டிகள் மணிக்கணக்காகச் சிக்கிக்கொண்டன. 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்று அங்கே அதற்குப் பட்டப்பெயர். மேலே அடித்த மணி கீழே கேட்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது என்பதைக் கவனியுங்கள். சாதாரண வானிலை அறிக்கைக்கு ஒரு வாரம், பத்து நாளைத் தாண்டினால் கண் இருட்டிவிடும். மேலடுக்கின் மாற்றமோ இரண்டு மாதம் வரை கீழே எதிரொலிக்கலாம் என்று 2001-ல் பால்ட்வின், டன்கர்டன் இருவரும் காட்டினார்கள். மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் திட்டம் போடுகிறவர்களுக்கு இது கிட்டத்தட்ட கேள்வித்தாள் அவுட் ஆன மாதிரி.

கிட்டத்தட்டதான். மேலே கவிழ்ந்தபோதெல்லாம் கீழே குளிர் அலை வருவதில்லை, சில சமயம் மணி அடித்தும் யாரும் வருவதில்லை. 2021 ஜனவரியில் ஒரு வெப்பமேற்றம் வந்தது, பிப்ரவரியில் டெக்ஸாஸ் உறைந்தது. 'அதுதான் இது' என்று பலரும் எழுதினார்கள். விஞ்ஞானிகள் இன்னும் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டவில்லை. எங்கே பனி விழுந்தாலும் துருவச் சுழலைக் கூண்டில் ஏற்றும் தலைப்புச் செய்திகளைப் பார்த்தால் கொஞ்சம் உப்பு சேர்த்துப் படியுங்கள்.

இந்தக் கதையில் ஓசோனுக்கும் ஒரு பங்கு உண்டு. நான் இந்தச் சப்ஜெக்டை எடுத்ததே அதற்காகத்தான்.

ஓசோன் ஓட்டை அண்டார்டிகாவின் மேலேதானே பெரிதாக விழுகிறது, ஆர்க்டிக் மேலே ஏன் அப்படி இல்லை? பழைய ஃபிரிட்ஜிலிருந்தும் ஸ்பிரேயிலிருந்தும் வந்த குளோரின் இரண்டு துருவத்துக்கும் பாரபட்சமில்லாமல்தான் போய்ச் சேர்ந்தது. சொல்லப்போனால் அதை வெளியே விட்டவர்களில் பெரும்பாலானோர் வடக்கே இருப்பவர்கள். விடை, மலையில் இருக்கிறது. வட பாதியில் இமயமும் ராக்கியும் பெரிய கண்டங்களும் இருப்பதால் அலைகள் சுழலை அடிக்கடி போட்டு உலுக்குகின்றன, காற்று சூடாகிறது. தென் பாதியில் பெரும்பகுதி சமுத்திரம், அலைகள் பலவீனம். அங்கே சுழல் குளிர்காலம் முழுக்க யோகாசனம் மாதிரி அசையாமல் நின்று, மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே போய், மெல்லிய மேகங்களை உண்டாக்குகிறது. அந்த மேகத்துளிகளின் மேலேதான் குளோரின் தன் விஷப் பல்லைத் தீட்டிக்கொள்கிறது. வசந்தத்தில் சூரியன் வந்ததும் ஓசோன் காலி. 2020-ல் ஆர்க்டிக்கிலும் சுழல் அசையாமல் நின்ற ஒரு குளிர்காலம் வாய்த்தது. அந்த வசந்தத்தில் அங்கே அதுவரை காணாத அளவுக்கு ஓசோன் குறைந்தது. நம்ம வடக்கே நிற்கும் இமயமலை, மழையோடு சேர்த்து ஆர்க்டிக் ஓசோனுக்கும் காவல் நிற்கிறது என்று எந்த ஜியாகரபி புத்தகத்திலாவது போட்டிருக்கிறார்களா?

இந்தப் பின்னணியோடு 2002 செப்டம்பருக்கு வாருங்கள். தெற்கே இப்படியெல்லாம் நடக்காது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். அளவெடுக்க ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக அண்டார்டிகச் சுழல் இரண்டாகப் பிளந்தது. கூடவே ஓசோன் ஓட்டையும் இரண்டு துண்டு. அதற்கு முந்தைய ஆறு வருஷங்களில் அந்தச் சமயத்தில் சுமார் 2.3 கோடி சதுர கி.மீ. இருந்த ஓட்டை, அந்த மாதக் கடைசியில் சுமார் 1.5 கோடிக்குச் சுருங்கியிருந்தது. குளோரோஃபுளூரோகார்பன்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பதினைந்து வருஷம். 'ஆஹா, குணமாயிடுச்சு' என்று கையைத் தட்டிவிட்டுப் போக எவ்வளவு வசதியான சந்தர்ப்பம்! ஆனால் அந்த வருஷம் வேலை செய்தது மருந்து இல்லை, அலை. காற்று சூடானது, மேகங்கள் கலைந்தன, குளோரின் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த வருஷமே, 2003-ல், ஓட்டை பழைய பிரமாண்டத்துக்குத் திரும்பிவிட்டது. 2019-லும் இதே கூத்து. தெற்கே வெப்பமேற்றம், ரொம்பச் சின்ன ஓட்டை, 2020-ல் மறுபடி பெரிசு. மான்ட்ரியல் மருந்து நிஜமாகவே வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக, பத்து பத்து வருஷக் கணக்கில். ஒரே ஒரு வருஷத்து எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறவரும் தப்பு, பீதி கிளப்புகிறவரும் தப்பு. முதலில் அந்த வருஷம் அலைகள் என்ன செய்தன என்று கேட்க வேண்டும்.

கடைசியாக நம்ம ஊர் பக்கம். துருவத்தில் காற்று இறங்கிச் சூடானால், பதிலுக்கு வெப்ப மண்டலத்து ஸ்ட்ராட்டோஸ்பியரில் காற்று மேலே எழுந்து சில டிகிரி குளிரும். நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படாது, எல்லாம் தலைக்கு மேலே வெகு தூரத்தில். ஆனால் திருநெல்வேலிக்குத் தெரியும். அங்கே இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பூமியின் காந்த மத்திய ரேகை தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால், பகலில் சுமார் 100 கி.மீ. உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் அந்த ஊர்களுக்கு மேலே ஓடுகிறது. வடதுருவத்தில் பெரிய வெப்பமேற்றம் நடக்கும்போது, நெல்லையின் ரேடார் மேலடுக்குக் காற்றின் ஓதங்கள் மாறுவதைக் காட்டியது. காந்தமானிகள், பிற்பகலில் அந்த மின்னோட்டமே தலைகீழாகத் திரும்புவதைக் காட்டின. நெல்லைப் பதிவுகளை வைத்து 2009-ல் ஆய்வுக்கட்டுரையே வெளிவந்திருக்கிறது. ஆர்க்டிக்கில் அடி, அல்வா ஊரில் எதிரொலி!

ப்ராஜெக்டுக்கு டாபிக் கிடைக்காமல் சீனியரின் பழைய ரெக்கார்டைத் தூசி தட்டும் பிசிக்ஸ், ஜியாகரபி மக்களே, ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 தகவல் தொகுப்பு இலவசம். 1940-லிருந்து இருக்கிறது. வடக்கே 60 டிகிரி அட்சரேகை, 10 மில்லிபார் அழுத்த மட்டம். அங்கே உலகைச் சுற்றிச் சராசரி எடுத்த கிழக்கு-மேற்குக் காற்று வேகத்தை நாள்வாரியாக ஒரு கோடாக வரையுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்தக் கோடு எந்தத் தேதியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே முங்குகிறது என்று குறியுங்கள். 1952-ல் ஷெர்ஹாக் பார்த்ததும் அதற்குள்ளே எங்கோ இருக்கிறது, தேடிப் பிடித்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.